கோர்ட்டுத் தேதி உங்கள் கையில் இருக்கிறதா?

“ஆஸ்பத்திரி வாசலையும் கோர்ட்டு வாசலையும் மிதிக்காதவன் பாக்கியசாலி” என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், வாசகர்களே, உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிறோமா? கார்டில் எழுதிக் கொடுத்த தேதியைப் பார்த்து, விடியும் முன்னே எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நம்பர் எடுத்து உட்காருகிறோம். கோர்ட்டு என்றால் மட்டும் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. “யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?” என்று தேடி அலைகிறோம். அந்த அலைச்சலில் போகிற ஒரு காலைப்பொழுது, ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் சில வருடங்களையே கொண்டுபோய்விடும்.

உங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க இதை எழுதவில்லை. அது வழக்கறிஞரின் வேலை. நம் வீட்டுப் பிள்ளையின் வழக்கு எங்கே, என்றைக்கு, எந்த அறையில் நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அங்கே போய் எப்படி உட்காருவது, இவற்றை மட்டும் உங்களோடு பேசப் போகிறேன்.

பதினொரு மணிக்கு வந்த தாய்

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டமே கைமாறியது. லயத்து வீடுகள் இடிந்தன. இப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு மலிவு விலை வீட்டில் குடித்தனம். தொழிற்சாலையில் துப்புரவு வேலை. ஒரே மகன், வயது இருபத்திரண்டு. ஒருநாள் இரவு, மோட்டார் சைக்கிள் திருட்டு என்று சொல்லிப் போலீசார் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நாலாம் நாள் காலை பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வருகிறான். “அத்தே, இன்னிக்கு அண்ணனக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்!”

“எந்தக் கோர்ட்டுப்பா? எத்தன மணிக்கு?”

“அது தெரியல அத்தே.”

தாய் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்து நின்று, கோர்ட்டு வளாகத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று. வராண்டா முழுக்க ஜனங்கள். சுவரில் ஏதேதோ தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒரு கதவைத் திறந்து பார்க்கிறார், அங்கே இல்லை. இன்னொரு கதவு, அங்கேயும் இல்லை. கடைசியில் ஒருவர் சொல்கிறார்: “அந்தக் கேஸா அம்மா? அது காலையிலேயே முடிஞ்சிடுச்சே!”

என்ன முடிந்தது? மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று லாக்கப்பில் கூட இருந்தவன் சொன்னானாம். ஆனால், மோட்டார் வாகனத் திருட்டுக்கு நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் சொல்லும் சிறைத் தண்டனை குறைந்தது ஒரு வருடம், கூடினால் ஏழு வருடம் என்பதை அவன் அறியவில்லை. கூண்டில் நின்றபோது பின்னால் திரும்பிப் பார்த்தான். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இது நான் கட்டிச் சொன்ன கதைதான். ஆனால் இதில் எந்தப் படியும் நடக்க முடியாதது அல்ல. நம் கண்ணகி கதையை நினைத்துப் பாருங்கள். திருவிழா மேடைகளில் எத்தனை முறை பார்த்திருப்போம்! அவள் பாண்டியன் சபைக்குப் போய்ச் சிலம்பை உடைத்து உண்மையை நிலைநாட்டினாள். ஆனால் அவள் போய்ச் சேர்வதற்குள் கோவலன் உயிரோடு இல்லை. நியாயம் அவள் பக்கம் இருந்தது, நேரம்தான் இல்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

நம் கோர்ட்டுப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்த காலத்தில், சொல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறுவதே குற்றம். ஓடிப்போனவரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி அபராதமோ சிறையோ விதிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. இந்தியத் தொழிலாளர்களைக் கட்டிப்போட்ட அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. முறை போயிற்று. ஆனால் ‘கச்சேரி என்றால் அது துரை பக்கம்’ என்ற எண்ணம் லயத்துக்கு லயம் தங்கிவிட்டது.

பின்னாளில் நமக்கும் கோர்ட்டுக்கும் நடுவே சிலர் நின்றார்கள். சர்க்கார் கடிதம் வந்தால் ஆபீஸ் கிராணி வாசித்துச் சொல்வார். போலீஸ் வந்தால் தண்டல் முன்னே போய்ப் பேசுவார். சின்னச் சண்டை என்றால் கோயில் தலைவர் கூப்பிட்டு முடித்து வைப்பார். தோட்டத் துண்டாடலும் செம்பனையும் வீடமைப்பும் வந்த பிறகு கிராணியும் இல்லை, தண்டலும் இல்லை. பயம் மட்டும் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டது.

ஈப்போ கோர்ட்டுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. வயதானவர்களைக் கேளுங்கள், சீனிவாசகம் சகோதரர்களைப் பற்றிச் சொல்வார்கள். டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் ஈப்போவில் பெயர் பெற்ற வழக்கறிஞர்கள். 1953-இல் பி.பி.பி. கட்சியைத் தொடங்கியவர்கள், நாடாளுமன்றத்திலும் இருந்தவர்கள். டி.ஆர். 1969-இலும் எஸ்.பி. 1975-இலும் காலமானார்கள். ஈப்போவில் டி.ஆர். பெயரில் ஒரு பூங்கா இன்றும் இருக்கிறது. அந்த நாளில் கொலை வழக்கு என்றால் ஏழு பேர் கொண்ட ஜூரி உட்காரும். ஜூரி முறை 1995-இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது நீதிபதியே கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். ஆனால் ஒன்று மாறவில்லை. கோர்ட்டின் பின் பெஞ்சு அன்றும் பொதுமக்களுக்கு உரியது, இன்றும் பொதுமக்களுக்கு உரியது.

கதவு திறந்துதான் இருக்கிறது

இதை அழுத்திச் சொல்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, குற்ற வழக்கு நடக்கும் இடம் பொதுமக்கள் வரக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று சொல்கிறது. உள்ளே போக டிக்கெட் இல்லை, பணம் இல்லை, யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. வழக்கில் நிற்பவருக்கு நீங்கள் உறவாகக்கூட இருக்க வேண்டியதில்லை. வாசலில் பையைச் சோதித்தால் காட்டுங்கள், அவ்வளவுதான். நீதி செய்தால் மட்டும் போதாது, செய்வது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று 1923-இல் இங்கிலாந்தில் ஹியூவர்ட் பிரபு என்ற நீதிபதி சொன்ன கருத்து உலகம் முழுவதும் பரவியது. அந்தக் கண் உங்களுடைய கண்ணாகவும் இருக்கலாம்.

பிடித்த நேரத்திலிருந்து எண்ணுங்கள்

ஒருவரைப் போலீஸ் பிடித்தால், ஏன் பிடித்தோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி. தான் எங்கே இருக்கிறேன் என்று உறவினருக்குத் தெரிவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

விசாரணை முடியவில்லை என்றால் போலீசார் தடுப்புக் காவல் கேட்பார்கள். இதை ‘ரிமாண்ட்’ என்கிறோம். சந்தேகிக்கப்படும் குற்றத்துக்கு 14 வருடத்துக்குக் குறைந்த சிறைதான் என்றால், முதல் முறை 4 நாள் வரை, இரண்டாம் முறை 3 நாள் வரை. 14 வருடமோ அதற்கு மேலோ என்றால், முதலில் 7 நாள் வரை, பிறகு 7 நாள் வரை. எத்தனை நாள் என்று முடிவு செய்வது மாஜிஸ்திரேட். ரிமாண்ட் என்பது தண்டனை அல்ல. குற்றம் சாட்டியாயிற்று என்பதும் அல்ல. சொஸ்மா போன்ற தனிச் சட்டங்களில் பிடிபட்டால் நாள் கணக்கே வேறு. தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து அழுவதால் பயன் இல்லை. போலீஸ் நிலையத்துக்குப் போய் மூன்று விவரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரியின் பெயர் என்ன? ரிமாண்ட் என்றைக்கு முடிகிறது? குற்றம் சாட்டினால் எந்த ஊர்க் கோர்ட்டு? மரியாதையாகக் கேட்டால் போதும். உறவினர் கேட்கக்கூடாத கேள்வி இதில் ஒன்றும் இல்லை.

எந்தக் கோர்ட்டு?

வழக்கு நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பார்த்துப் போவதில்லை. குற்றம் எங்கே நடந்ததாகச் சொல்கிறார்களோ அந்த வட்டாரத்துக் கோர்ட்டுக்குப் போகும். ஈப்போவில் நீதிமன்ற வளாகம் பாங்லிமா புக்கிட் கந்தாங் வஹாப் சாலையில், ரயில் நிலையத்துக்கும் டவுன் ஹாலுக்கும் அருகே இருக்கிறது. மேடான் கிட் பஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தைப்பிங், தெலுக் இந்தான், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா ஆகிய ஊர்களிலும் கோர்ட்டுகள் இருக்கின்றன.

குற்ற வழக்குகளைக் கேட்கும் கோர்ட்டில் மூன்று படிகள் உண்டு. பத்து வருடத்துக்கு மேற்படாத சிறை கொண்ட குற்றங்கள் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் பொதுவாக ஐந்து வருடம் வரை சிறையும் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம். அதற்கு மேற்பட்டவை செஷன்ஸ் கோர்ட்டில். மரண தண்டனை வரக்கூடிய கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்றவை உயர்நீதிமன்றத்தில். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டது. இப்போது நீதிபதிக்கு நீண்ட சிறைத் தண்டனை விதிக்கவும் வழி இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொலை வழக்கும் முதலில் மாஜிஸ்திரேட் முன்னால்தான் வரும். குற்றச்சாட்டை வாசிப்பார்கள், ஆனால் ஒப்புதலோ மறுப்போ பதிவு செய்ய மாட்டார்கள். அடுத்த தேதி கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை, வழக்கு முடிந்தது” என்று வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. அங்கே வழக்கு முடியவில்லை, தொடங்கவே இல்லை!

தேதியைக் கண்டுபிடிக்கும் வழி

முதல் வழி, வழக்கு எண். இதைத்தான் உயிர் போல் காப்பாற்ற வேண்டும். பார்க்க என்னவோ புரியாத எழுத்தாகத் தெரியும், ஆனால் சுலபம். பேராக் வண்டிகளின் நம்பர் பிளேட் ‘ஏ’ என்று தொடங்குவது போல, பேராக் வழக்கு எண்ணும் ‘ஏ’ என்றுதான் தொடங்கும். ஈப்போ வழக்கு என்றால் ‘ஏஏ’, தைப்பிங் என்றால் ‘ஏபி’. அடுத்து வரும் எண் கோர்ட்டின் வகையைச் சொல்லும். 83 என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் குற்ற வழக்கு. 62 என்றால் செஷன்ஸ். 45 என்றால் உயர்நீதிமன்றம். அதற்கடுத்து வரிசை எண். கடைசியில் பதிவான மாதமும் வருடமும்.

இரண்டாவது வழி, இணையம். மலேசிய நீதித்துறையின் இணையத்தளத்தில் அன்றாட வழக்குப் பட்டியலைப் பார்க்கலாம். ஊரையும் கோர்ட்டையும் தேதியையும் கொடுத்தால் பட்டியல் வரும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். ஆனால் பட்டியலில் காணவில்லை என்பதற்காக வழக்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பதிவாளர் அலுவலகத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, கோர்ட்டு கவுண்டர். வேலை நாட்களில் போய், வழக்கு எண்ணையோ பெயரையோ சொல்லிக் கேட்கலாம். நான்காவது வழி, அன்று காலை கோர்ட்டு அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் தாள். நம் கதைத் தாய் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோனாரே, அந்தத் தாள்தான்!

பெயரைத் தேடும்போது ஜாக்கிரதை. நம் பெயர்களை மலாய் எழுத்தில் ஒருவர் எழுதுவது போல் இன்னொருவர் எழுதுவதில்லை. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயருக்கு எத்தனை விதமான எழுத்து! அடையாளக் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பாருங்கள். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதற்குப் பிறகு வரும் தகப்பன் பெயரையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் நிற்பதும் உண்டு.

தாளில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ச் சொல் இருக்கும். ‘செபுத்தான்’ என்றால் வழக்கைக் கூப்பிட்டு நிலவரம் பார்க்கும் நாள். சில நிமிடங்களில் முடியலாம். ‘பிச்சாரா’ என்றால் சாட்சி கேட்கும் முழு விசாரணை. நாள் முழுக்க நீளலாம், பல நாட்களும் ஆகலாம். ‘கெபுத்துசான்’ என்றால் தீர்ப்பு நாள். எத்தனை நாள் லீவு எடுப்பது என்பதை இந்தச் சொல்லைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

உள்ளே போகும் முறை

எட்டு மணிக்கெல்லாம் வளாகத்தில் இருங்கள். கோர்ட்டு ஒன்பது மணி வாக்கில் கூடும் என்றாலும், உங்கள் பெயர் முதலாவதாகவும் இருக்கலாம், முப்பதாவதாகவும் இருக்கலாம். அடையாளக் கார்டு, வழக்குத் தாள், பேனா, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வெளியே வந்து குடியுங்கள்.

கோயிலுக்குப் போவது போல் அடக்கமாக உடுத்திக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பதும் குரல் பதிவு செய்வதும் கூடவே கூடாது. நுழையும்போதும் வெளியேறும்போதும் ஆசனத்தைப் பார்த்துத் தலை வணங்குங்கள். மாஜிஸ்திரேட் வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

பிள்ளை கைவிலங்கோடு வருவதைப் பார்த்தால் பெற்ற வயிறு துடிக்கத்தான் செய்யும். ஆனால் சத்தம் போட்டு அழவோ கூப்பிடவோ வேண்டாம். அவன் திரும்பினால் உங்கள் முகம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். அதுவே பெரிய தைரியம். பேச வேண்டும் என்றால் காவலில் நிற்கும் போலீசாரிடம் அனுமதி கேளுங்கள்.

இன்னொன்று. அந்த வழக்கில் நீங்களே சாட்சி சொல்லப் போகிறவர் என்றால் உள்ளே உட்காரக் கூடாது. கூப்பிடும் வரை வெளியே காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே கேட்டுவிட்டால், உங்கள் சாட்சிக்கு மதிப்புக் குறையும்.

தலையை ஆட்டாதீர்கள்

கோர்ட்டு மலாய் மொழியில் நடக்கும். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். சாட்சியம் தமிழிலேயே சொல்லலாம். “எனக்கு மலாய் சரியாகப் புரியாது, தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பது வெட்கமான காரியம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வாசித்து, “புரியுதா?” என்று கேட்பார். நம் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம்: பெரியவர்கள் கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டி வைப்பார்கள். இங்கே அப்படி ஆட்டக் கூடாது! ‘மெங்காக்கு சாலா’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. ‘மிந்தா பிச்சாரா’ என்றால் மறுத்து விசாரணை கோருவது. குற்றத்தின் தன்மையும் அதனால் வரும் விளைவும் அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒப்புதலை ஏற்க வேண்டும். ஒப்புக்கொண்டு தண்டனையும் வந்துவிட்டால், பிறகு மேல்முறையீட்டில் தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி சரியில்லை என்றுதான் வாதாட முடியும். “நான் செய்யவில்லை” என்று திரும்பப் பேசுவது மிகவும் கடினம். மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான் தவணை.

ஆகவே, வழக்கறிஞரைப் பார்க்கவில்லை என்றால், “வழக்கறிஞரைப் பார்க்கத் தவணை வேண்டும்” என்று பிள்ளை கேட்கலாம். இதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உண்மையிலேயே தவறு செய்திருந்தாலும், முதல் குற்றம், வயதான தாய், நிரந்தர வேலை என்று தண்டனையைக் குறைக்கச் சொல்ல வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

ஜாமீனும் அடுத்த தேதியும்

மறுத்து விசாரணை கோரினால் ஜாமீன் பேச்சு வரும். எவ்வளவு தொகை, எத்தனை ஜாமீன்தாரர் என்று கோர்ட்டு முடிவு செய்யும். ஜாமீன்தாரர் வயது வந்த மலேசியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். தாயும் நிற்கலாம், மாமனும் நிற்கலாம். கோர்ட்டு கவுண்டர் மூடுவதற்குள் அடையாளக் கார்டோடும் பணத்தோடும் ஆள் வராவிட்டால், பிள்ளை அன்றே சிறைக்கு அனுப்பப்படுவான். முதல் நாளே குடும்பமாக உட்கார்ந்து, யார் நிற்பது, பணத்துக்கு என்ன வழி என்று பேசி வையுங்கள்.

ஜாமீன் பணம் அபராதம் அல்ல. தவறாமல் ஆஜரானால், வழக்கு முடிந்த பிறகு ஜாமீன்தாரர் திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் ஒரே ஒரு தேதி தவறினாலும் பிடிவாரண்டு பிறக்கும். ஜாமீன்தாரரையும் கூப்பிட்டு, “பணத்தை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது?” என்று கேட்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணமாக இருந்தாலும் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன். கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது அடுத்த தேதி, நேரம், அறை மூன்றையும் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு, அங்கேயே எழுதுங்கள். வீட்டில் தொங்கும் சாமி படக் காலண்டரில் திருவிழா நாளை வட்டம் போடுகிறோமே, அதேபோல் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

கதவு மூடியிருக்கும் இடம்

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் வழக்கு 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பெற்றோர் கட்டாயம் போக வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். மற்ற சில வழக்குகளிலும், பாதிக்கப்பட்டவரைக் காப்பதற்காக நீதிபதி கதவை மூடச் சொல்லலாம். அப்போது அமைதியாக எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

காசில்லாதவருக்கும் வழக்கறிஞர்

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். குற்ற வழக்கில் சிக்கிய குடிமக்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 ஏப்ரல் முதல் இயங்கி வருகிறது. மலாயில் இதன் பெயர் ‘யாயாசான் பந்துவான் குவாமான் கெபங்சான்’. ரிமாண்ட், ஜாமீன், விசாரணை ஆகிய கட்டங்களில் உதவுவார்கள். வருமானத்தைப் பார்ப்பார்கள், சம்பளச் சீட்டை எடுத்துப் போங்கள். பேராக் வழக்கறிஞர் சங்கத்தின் சட்ட உதவி மையமும் ஈப்போவில் உண்டு. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்குக் கோர்ட்டே வழக்கறிஞரை நியமிக்கும்.

வராண்டாவில் யாராவது வந்து, “எனக்கு உள்ளே ஆள் தெரியும், முந்நூறு வெள்ளி கொடுங்க, முடிச்சுத் தர்றேன்” என்றால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உண்மையான வழக்கறிஞருக்கு அலுவலகம் இருக்கும். வாங்கிய பணத்துக்கு ரசீது இருக்கும்.

எட்டு மணிக்கு வந்த தாய்

இப்போது அதே தாயைத் திரும்பப் பார்ப்போம். ரிமாண்ட் முடியும் நாளைக் கேட்டு வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் முதல் நாள் இரவே வழக்கறிஞரின் உதவியோடு எந்தக் கோர்ட்டு என்று விசாரித்துவிட்டான். காலை எட்டு மணிக்கு அறைக்கு வெளியே தாளில் மகன் பெயரை விரல் வைத்துப் பார்க்கிறார். ஒன்பதாவது பெயர். உள்ளே இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறார்.

மகன் கூண்டுக்கு வருகிறான். திரும்பிப் பார்க்கிறான். அம்மா இருக்கிறார்.

“தம்பி, குற்றச்சாட்டு புரியுதா? ஒத்துக்கிறீங்களா, விசாரணை கேக்கிறீங்களா?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்.

“ஐயா, வக்கீலப் பாத்துட்டுச் சொல்றேன்.”

வழக்கு இன்னும் முடியவில்லை. மகன் குற்றவாளியா நிரபராதியா என்று நமக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனால் அவன் புரியாமல் தலையாட்டவில்லை. தனியாகவும் நிற்கவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டில் வழக்கு ஒன்றும் இல்லாத நல்ல நாளிலேயே ஒருமுறை கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் லாக்கப் உடையில் வரிசையாக வருவதை அவர்கள் கண்ணால் காணட்டும். நூறு புத்திமதி செய்யாததை அந்த ஒரு மணி நேரம் செய்யும். வழியும் பழகிவிடும், பயமும் தெளிந்துவிடும்.

கோர்ட்டு வாசலை மிதிக்காதவன் பாக்கியசாலிதான். ஆனால் மிதிக்க வேண்டிய நாளில், எந்த வாசல், எத்தனை மணி என்று தெரிந்து வைத்திருப்பவன் பிள்ளையைக் கைவிடாதவன். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பக்கத்தை வெட்டி, அடையாளக் கார்டு வைக்கும் பெட்டியில் போட்டு வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும்! பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேவைப்படலாம் அல்லவா?